வன்னி மரத்தில் ஒரு மூட்டை

மே 1, வியாழன்

ஊர் தர்மராஜா கோவிலில் இன்று கொடியேற்றம். பதினெட்டு நாள் பாரதம். பகலில் பிரசங்கம், பிற்பாதி நாட்களில் ராத்திரி கூத்து. ஓசூரில் இருந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு தடவைகூட முழுசாக இருந்து பார்த்ததில்லை. துரியோதனன் வதம் நடக்கும் கடைசி நாளான படுகளத்தன்று காலையில் ரயிலேறி ராயக்கோட்டை வருவேன், பொழுது சாய்ந்ததும் கிளம்பிவிடுவேன். இந்த வருஷம் திரும்பிப் போக வேலை இல்லை.

சாயங்காலம் மகள் தருமபுரியிலிருந்து வந்தாள். கல்லூரியில் புராணக் கதைகளைப் பற்றிப் பாடம் நடக்கிறதாம். ஜோசப் கேம்பல் என்ற அமெரிக்கர் 1949இல் எழுதினாராம்: எந்த நாட்டு வீரன் கதையை எடுத்தாலும் அடியில் ஒரே தடம்தான் ஓடுகிறது. வீட்டை விட்டுப் புறப்படுகிறான், சோதனைகளைத் தாண்டுகிறான், ஏதோ ஒன்றைப் பெற்றுக்கொண்டு ஊருக்குத் திரும்புகிறான். "நம்ம வாழ்க்கைக்கும் அது பொருந்தும்ப்பா. நீங்க இப்போ எந்த இடத்துல இருக்கீங்கன்னு யோசிச்சுப் பாருங்க" என்றாள்.

ராத்திரி முழுக்க அதே நினைப்பு. புறப்பட்டேன், சரி. திரும்பியும் வந்துவிட்டேன். கையில் என்ன இருக்கிறது?

மே 6, செவ்வாய்

மச்சானின் தக்காளி மண்டியில் சீட்டு எழுதுகிறேன். இன்றைக்கு ஒரு விவசாயிக்கு நாற்பது பெட்டியை நான்கு என்று எழுதிவிட்டேன். அவர் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோபப்படாமல், "அண்ணா, ஒரு சைபரைக் காணோமே" என்றார். மச்சான் எதுவும் சொல்லவில்லை. நான்தான், கேட்காமலே, "நான் டூல் ரூம்ல, கருவி, அச்சு செய்யற இடத்துல இருந்தவன், இந்த வேலை எனக்குப் புதுசு" என்றேன். ஏழு மாதமாக இதை எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! லாரி டிரைவரிடம், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம்.

மே 12, திங்கள்

அர்ஜுனன் தபசு. உயரமான பனை மரத்தை நட்டு, குறுக்கே படி கட்டியிருந்தார்கள். வேஷக்காரர் ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டு. கீழே பிள்ளை வரம் வேண்டி வந்த பெண்கள் ஈரப் புடவையோடு உட்கார்ந்திருந்தார்கள். உச்சிக்குப் போனவர் விபூதியையும் எலுமிச்சம்பழத்தையும் வீசினார். மடியேந்தியிருந்த ஒரு பெண்ணின் புடவையில் பழம் ஒன்று விழுந்தது. அதை இரண்டு கையாலும் மூடிக்கொண்டு அவள் அழுத அழுகையைப் பார்த்து என் மனைவியும் அழுதாள்.

அர்ஜுனனுக்குச் சிவனிடமிருந்து பாசுபத அஸ்திரம் கிடைத்துவிட்டது. மகள் சொன்ன கணக்குப்படி கதை இங்கேயே முடிந்திருக்கலாம். வரம் வாங்கியாயிற்று, திரும்ப வேண்டியதுதானே?

மே 14, புதன்

நேற்று ராத்திரி விராட பர்வம். விடிந்த பிறகுதான் வீட்டுக்கு வந்தேன். தூங்காமல் எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருஷம் வனவாசம். அதற்கு மேல் ஒரு வருஷம் அஞ்ஞாதவாசம். அந்த ஒரு வருஷத்தில் யாராவது அடையாளம் கண்டுபிடித்தால் மறுபடியும் பன்னிரண்டு வருஷம் காடு. பாசுபதம் வாங்கிய அர்ஜுனன் பிருகன்னளை ஆகி, விராடன் மகள் உத்தரைக்கு நாட்டியம் சொல்லிக்கொடுக்கிறான். பீமன் மடைப்பள்ளியில். நகுலன் குதிரைக்கு, சகாதேவன் மாட்டுக்கு. திரௌபதி ராணிக்குத் தலை வாரி விடுகிறாள், தன் தலையை முடியாமல் சபதத்தில் இருப்பவள்.

சின்ன வயதில் இந்த இடத்தில்தான் தூங்கிப்போவேன். சண்டை இல்லையே. நேற்று கூத்து வாத்தியார் பிருகன்னளையாக வந்தபோது உடம்பை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்தேன். உத்தரைக்கு அடவு சொல்லித்தரும் இடம். உத்தரை வேஷம் போட்ட பையன் தாளம் தப்பினான். அவர் நிறுத்தி, அவன் காலைத் தொட்டுத் திருத்தி, மறுபடி முதலிலிருந்து ஆட வைத்தார். "காண்டீபம் பிடித்த கை" என்று ஒரு வார்த்தை வாயில் வரவில்லை. அவன் ஒளிந்துகொண்டு நாட்டிய வாத்தியாராக நடிக்கவில்லை. நிஜமாகவே வாத்தியாராக இருந்தான். பீமன் சமைத்த சோற்றை ஊரே ருசித்துச் சாப்பிட்டது. அஞ்ஞாதவாசம் அப்படித்தான் கழியும்போல. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நானோ தினமும் வாசலில் நின்று பெயரைக் கூவிக்கொண்டிருந்திருக்கிறேன்.

இன்னொன்று. ஊருக்குள் போகுமுன் ஆயுதங்களை மூட்டையாகக் கட்டி, பிணம்போலத் தெரியும்படி, சுடுகாட்டு வன்னி மரத்தில் ஏற்றிவிடுகிறார்கள். தூக்கி எறியவில்லை, விற்கவில்லை. கூத்தில் கொட்டகைக் கம்பத்தில் பழைய துணி மூட்டை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள். விடியும்வரை என் கண் அதிலேயே இருந்தது.

கடைசியில் கௌரவர்கள் மாடு பிடிக்க வருகிறார்கள். உத்தரகுமாரன் வாய்வீச்சோடு தேரேறிப் போய், படையைப் பார்த்ததும் குதித்து ஓடுகிறான். பிருகன்னளை துரத்திப் பிடித்து இழுத்து வந்து, அவனையே மரத்தில் ஏற்றி மூட்டையை இறக்குகிறது. கூட்டம் ஆரவாரம் செய்தது. விராட பர்வம் ஆடினால் மழை வரும் என்பார்கள். நாலரை மணிக்கு நாலு துளி விழுந்தது. அது போதும் என்று பெரியவர்கள் கும்பிட்டார்கள்.

மே 16, வெள்ளி

மண்டிக்குப் போகும் வழியில் ஏரிக்கரை வேடியப்பன் கல்லருகே வண்டியை நிறுத்தினேன். மாடு மீட்கப் போய் இறந்த வீரனுக்கு நட்ட நடுகல். ஒரு கையில் வாள், ஒரு கையில் வில், நெஞ்சில் தைத்த அம்பு, காலடியில் சின்னதாக மாடுகள். தருமபுரி அருங்காட்சியகத்தில் இப்படி வரிசையாக நிற்கின்றன. எழுத்துள்ள கற்களில் 'தொறு மீட்டுப் பட்டான்' என்று இருக்கும். தொறு என்றால் மாட்டு மந்தை, பட்டான் என்றால் இறந்தான். கல்லைத் தேடிப் பார்ப்பதில் தொடங்கி வாழ்த்துவதுவரை தொல்காப்பியம் ஆறு நிலை சொல்கிறது: காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து.

எங்கள் கல்லில் எழுத்து தேய்ந்துவிட்டது. யார் மகன், எந்த ஊர், ஒன்றும் தெரியாது. மாடுகள்தான் வீடு திரும்பின, அவன் திரும்பவில்லை. மகள் சொன்ன தடத்தில் இவனை எங்கே வைப்பது? பெயர் போன பிறகும் ஊர் வேடியப்பன் என்று கூப்பிட்டுப் பொங்கல் வைக்கிறது. கற்பூரம் ஏற்றிவிட்டுப் போனேன். இன்று நூற்றுப்பத்து சீட்டு, ஒரு திருத்தம்கூட இல்லை.

மே 18, ஞாயிறு

படுகளம். மண்ணால் செய்த துரியோதனன் கோவில் எதிரே மல்லாந்து கிடந்தான். திரௌபதி தலை முடிந்ததும் சாயங்காலம் தீமிதி. மச்சான் மிதித்தார், நான் தண்ணீர்க் குடத்தோடு நின்றேன். கூட்டத்தில் ஒருவர், "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார். "தக்காளி மண்டியில சீட்டு எழுதறேங்க" என்றேன். அதோடு நிறுத்திக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து பரணில் ஏறி டூல் பெட்டியை இறக்கினேன். மைக்ரோமீட்டரைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி வைத்திருந்தேன். முனையில் லேசாகத் துரு. எண்ணெய் விட்டுத் துடைத்து, திருகிப் பார்த்தேன். மகள் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டாள்: "வேலைக்குக் கூப்பிட்டாங்களாப்பா?"

"இல்லம்மா."

ஒரு தலைமுடியைக் கொடுத்து அளந்து பார்க்கச் சொன்னாள். அளந்தேன். 0.07 மில்லிமீட்டர். அவள் அதை நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுபடி துணியைச் சுற்றி, பெட்டியை மூடி, பரணில் ஏற்றினேன். காலையில் நாலு மணிக்கு ஏலம்.