கூர்னே அகழியில் வளைந்த வாள்கள்

வட பிரான்ஸின் கூர்னே-சூர்-அரோந்தில் உள்ள கெல்டியர்களின் (ரோமானியருக்கு முன் அங்கு வாழ்ந்த மக்கள்) வழிபாட்டுத் தலத்தை 1975 முதல் தொல்லியலாளர் ழான்-லூயி ப்ரூனோவின் குழு அகழ்ந்தது. ஏறக்குறைய 45க்கு 38 மீட்டர் வளாகம், சுற்றிலும் அகழி. அதில் 2,000க்கு மேற்பட்ட ஆயுதங்கள், ஏராளமான விலங்கெலும்புகள்.

அவசரப்பட்டுப் பார்த்தால் போர்க்களம் அல்லது குப்பைக்குழி என்று தோன்றும். இரண்டும் தவறு. வாள்களை வேண்டுமென்றே வளைத்திருக்கிறார்கள், கேடயங்களின் நடுவிலுள்ள உலோகக் குமிழ்களை நசுக்கியிருக்கிறார்கள். முதலில் வாயிலருகே வெற்றிச் சின்னமாகத் தொங்கவிட்டு, தோல்வார் மக்கி விழுந்த பிறகே அகழியில் போட்டார்கள் என்பது ப்ரூனோவின் விளக்கம்.

எலும்புகள்தான் எனக்கு இன்னும் அருமையான சான்று. ஆட்டுக்குட்டி, பன்றி எலும்புகள் விருந்தின் மிச்சம். மாடுகளோ வயதானவை, இறைச்சி வெட்டிய தடயம் இல்லாதவை. அவற்றை வளாகத்தின் நடுவிலிருந்த குழியில் மாதக்கணக்கில் அழுகவிட்டு, பிறகு எலும்புகளை அகழிக்கு மாற்றியிருக்கிறார்கள்.

இதெல்லாம் எப்படித் தெரிந்தது? ஒவ்வொரு துண்டும் கிடந்த இடம், ஆழம், திசை, பக்கத்து எலும்போடு மூட்டு சேர்ந்திருந்ததா என்பதைத் தூக்குமுன்பே பதிவு செய்தால்தான் தெரியும். மொத்தமாக அள்ளிப் பையில் போட்டால் சடங்கின் வரிசை அங்கேயே அழிந்துபோகும். துருவேறிய இரும்பையும் சுரண்டுமுன் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். வாளுறையின் அலங்காரம் பெரும்பாலும் அந்தத் துருவுக்குள்தான் தங்கியிருக்கும்.

பின்னர் ரோமானியக் காலத்திலும் அதே இடத்தில் ஒரு கோயில் எழுந்தது.