நாய்க்கு ஆபரேஷன்: லீவை எந்த நாளுக்கு வைத்துக்கொள்வது

பெண் நாய்க்குக் கருப்பை எடுக்கும் ஆபரேஷன் என்று தேதி குறித்ததும் பலர் செய்வது, ஆபரேஷன் அன்றைக்கும் அதற்கு முந்தின நாளுக்கும் லீவு எழுதிக் கொடுப்பது. முந்தின நாள் லீவு போட்டுச் செய்ய வீட்டில் ஒன்றுமே இல்லை. ஆபரேஷன் அன்றும் பகலில் பாதி நேரம் நாய் கிளினிக்கில்தான் இருக்கும். ஆள் கட்டாயம் வேண்டியது அன்று சாயங்காலம் தொடங்கி மறுநாள் ராத்திரி வரை. அப்புறம், ஆபரேஷனுக்கு மறுநாளை முதல் நாளாக எண்ணினால், மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள் வரை. வலி குறைந்து நாய் பழையபடி சோபாவில் தாவப் பார்ப்பதும், தையல் அரிக்க ஆரம்பிப்பதும் அந்த நாட்களில்தான். லீவெல்லாம் தீர்ந்து நாம் ஆபீஸில் உட்கார்ந்திருப்பதும் அப்போதுதான்.

எங்கள் கணக்குக்கு வியாழக்கிழமை நல்ல நாள். வியாழன், வெள்ளி இரண்டு நாள் லீவு. சனி, ஞாயிறு எப்படியும் வீட்டில்தான். நான்காம், ஐந்தாம் நாட்கள் திங்கள், செவ்வாயில் விழும். அவற்றுக்கு வீட்டிலிருந்து வேலையோ அரை நாளோ கேட்டால் போதும். வெள்ளி அல்லது சனி வைத்தால் ஒரு லீவு மிச்சம்தான். ஆனால் ரத்தக் கசிவு மாதிரி சிக்கல் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு நாளில் வரும். அது ஞாயிற்றுக்கிழமை வந்து, கிளினிக் கதவு பூட்டியிருந்தால் அலைய வேண்டியதுதான். லீவு தாராளமாக இருப்பவர்கள் புதன்கிழமை வைத்துக்கொள்ளலாம். பத்தாம் நாள் சனிக்கிழமையாக அமையும், தையல் பிரிக்கத் தனியாகப் பர்மிஷன் கேட்க வேண்டாம். தீபாவளியை ஒட்டிய இரண்டு வாரத்தில் மட்டும் வேண்டவே வேண்டாம். வெடிச் சத்தத்துக்கு நாய் ஒரு முறை எகிறிக் குதித்தாலே தையல் போச்சு.

லீவு எழுதிக் கொடுப்பதற்கு முன்னால் ரத்தப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும். இந்த வரிசையைத்தான் நிறையப் பேர் மாற்றிச் செய்கிறார்கள். நம் ஊரில் உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம். வெளியே ஒன்றும் தெரியாது, ரத்தத்தில் தட்டணுக்கள் மட்டும் இறங்கியிருக்கும். அந்த நிலையில் வயிற்றைத் திறந்தால் ரத்தம் நிற்காது என்பதால் டாக்டர் தள்ளிப்போட்டுவிடுவார். ஆபரேஷன் அன்று காலையில் இது தெரியவந்தால் வாங்கிய லீவு வீண். மூன்று நான்கு நாள் முன்பே தட்டணுக்கள், ஹீமோகுளோபின், கிட்னியைக் காட்டும் கிரியாட்டினின், ஈரல் பரிசோதனை எல்லாம் எடுத்து, டாக்டர் சரி என்ற பிறகு தேதியை உறுதி செய்யுங்கள். நாய்க்குப் பருவ நேரம் (ஹீட்) அப்போதுதான் முடிந்திருந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து வைப்பதுதான் வழக்கம். பருவ நேரத்தில் கருப்பைக்கு ரத்த ஓட்டம் அதிகம்.

இனி லீவு. செல்லப் பிராணிக்கென்று தனி லீவு நம் சட்டத்தில் கிடையாது. ஆனால் 1947ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம், 25ஆம் பிரிவில், நியாயமான எந்தக் காரணத்துக்கும் ஆண்டுக்கு 12 நாள் வரை சம்பளத்துடன் தற்செயல் விடுப்பு (சி.எல்.) உண்டு என்கிறது. உடம்பு சரியில்லாததற்கான 12 நாள் வேறு. அது ஊழியருக்கே வந்த நோய்க்கும் விபத்துக்கும் மட்டும். அதனால் நமக்குக் காய்ச்சல் என்று எழுதாமல் சி.எல். கேட்பதே சரியான வழி. பொய்க் காய்ச்சலுக்கு மெடிக்கல் சர்டிபிகேட் கேட்பார்கள். ஐந்தாம் நாள் தையல் விட்டுப்போய் மறுபடி லீவு கேட்கும்போது சொல்ல வாயும் இருக்காது. இறந்துபோன பாட்டியை மறுபடி சாகடிக்கவும் வேண்டாம். 2017இல் ரோமில் ஒரு பல்கலைக்கழக ஊழியர் தன் நாயின் ஆபரேஷனுக்குச் சம்பளத்துடன் 2 நாள் லீவு வாங்கிய செய்தி உலகம் முழுக்க ஓடியது. அதை எச்.ஆரிடம் காட்டிப் பேசுவதைவிட, வேலை எங்கும் நிற்காது என்று காட்டுவது இங்கே சீக்கிரம் பலிக்கும். மேனேஜருக்கு இந்த அளவில் எழுதினால் போதும்:

"சார், எங்கள் நாய்க்கு வருகிற வியாழன் வயிற்றில் ஆபரேஷன். வியாழன், வெள்ளி சி.எல். வேண்டும். திங்கள், செவ்வாய் வீட்டிலிருந்து வேலை பார்க்கிறேன். மதியம் 1 முதல் 2 வரை மட்டும் மீட்டிங் வேண்டாம். அதற்கடுத்த செவ்வாய் காலை தையல் பிரிக்க 2 மணி நேரம் பர்மிஷன். இந்த இரண்டு நாளில் முடிக்க வேண்டியவற்றைப் புதன் மாலைக்குள் முடித்துத் தந்துவிடுவேன்."

தேதிகள் எல்லாம் ஒரே மெசேஜில் இருப்பது முக்கியம். துண்டு துண்டாகக் கேட்டால் மூன்றாவது தடவை முகம் மாறும். வெள்ளியும் திங்களும் லீவு போட்டால் நடுவில் உள்ள சனி, ஞாயிறையும் கழித்துக்கொள்கிற கம்பெனிகள் இருக்கின்றன. உங்கள் ஆபீஸில் எப்படி என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

டாக்டரிடமும் லீவு சம்பந்தமாக ஒரு கேள்வி இருக்கிறது: மருந்து ஒரு நாளைக்கு எத்தனை வேளை? மூன்று வேளை என்றால் மதியம் ஓர் ஆள் வேண்டும். 12 மணி நேரத்துக்கு ஒரு தடவை கொடுக்கிற ஆன்டிபயாட்டிக் சரிப்படுமா என்று கேளுங்கள். காலை எட்டு, இரவு எட்டு என்று ஆபீஸ் நேரத்துக்கு வெளியே போய்விடும். வலி மருந்து மெலாக்சிகாம் என்றால் ஒரு நாளைக்கு ஒரு தடவை, சாப்பிட்ட பிறகு. இதை மெடிக்கலில் நாமாக வாங்கக் கூடாது. 10 கிலோ நாய்க்கு வழக்கமான அளவு முதல் நாள் 2 மி.கி., பிறகு தினம் 1 மி.கி.; மனிதர்களுக்கான மாத்திரையோ 7.5 அல்லது 15 மி.கி. டைக்ளோபெனாக், புருபென் இரண்டும் நாயின் வயிற்றையும் கிட்னியையும் கெடுக்கும். பூனையாக இருந்தால் அரை பாராசிட்டமால் மாத்திரையே உயிரை எடுத்துவிடும்.

வீட்டில் முன்கூட்டியே செய்ய வேண்டியது தரை. டைல்ஸ், மொசைக்கில் மயக்கம் தெளியாத நாய்க்குப் பின்னங்கால் விரிந்து வழுக்கும், அடிவயிற்றுத் தையல் இழுபடும். படுக்கும் இடத்திலிருந்து தண்ணீர்க் கிண்ணம் வரைக்கும், வாசல் வரைக்கும் யோகா பாயோ ரப்பர் விரிப்போ போடுங்கள். கட்டில், சோபாவுக்கு வழி மறித்துவிடுங்கள். தையலை நக்காமலிருக்கக் கழுத்தில் போடும் கோனை ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பே வாங்கிப் போட்டுப் பழக்க வேண்டும். மூக்கு நுனியைத் தாண்டி இரண்டு விரல்கடை நீளம் இருக்க வேண்டும், கழுத்துப் பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். அளவு ஒன்று குறைந்தாலும் நாய் உடம்பை வளைத்துத் தையலை எட்டிவிடும். கோனோடு சாப்பிட முடியவில்லை என்று கழற்றிவிட்டு மறந்துபோவதுதான் பல வீடுகளில் நடக்கிறது; கிண்ணத்தைச் சின்ன முக்காலியில் உயர்த்தி வைத்தால் கழற்றவே வேண்டாம்.

ஆபரேஷன் அன்று கூட்டி வர டூவீலர் ஆகாது. தூக்கும்போது ஒரு கை நெஞ்சுக்குக் கீழே, மறு கை தொடைகளுக்குப் பின்னால். வயிற்றில் கை படக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் ஏ.சி., வேகமான ஃபேன் இரண்டும் வேண்டாம். மயக்க மருந்தால் உடல் சூடு இறங்கியிருக்கும், போர்வை போடுங்கள். தலை நிமிர்ந்து நிற்காத வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது, புரையேறும். நன்றாகத் தெளிந்த பிறகு கொஞ்சம் தண்ணீர். அது வாந்தியாகாவிட்டால் வழக்கமான அளவில் கால் பங்கு, குழைந்த சோறும் எலும்பில்லாத வேகவைத்த கோழியும். ராத்திரி முழுக்க அனத்தும். அது எல்லாமே வலி அல்ல. மயக்க மருந்து தெளியும்போது வருகிற குழப்பமும் சேர்ந்தது.

அந்த ராத்திரி பார்க்க வேண்டியது ஈறு. விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் ரோஸ் நிறத்துக்குத் திரும்ப வேண்டும். ஈறே வெளிறி, காது சில்லிட்டு, வயிறு உப்பிக்கொண்டு வந்தால் உள்ளே ரத்தம் கசிகிறது. விடியும் வரை காத்திருக்கக் கூடாது. இரவில் ஆள் இருக்கும் மருத்துவமனையின் நம்பரைக் கிளம்பும்போதே வாங்கி வைப்பது இதற்குத்தான். மறுநாளுக்குள் சிறுநீர் போயாக வேண்டும். மலம் மூன்று நான்கு நாள் வராவிட்டால் பயப்பட வேண்டாம், வயிற்றில் ஒன்றுமில்லை.

தையலைக் காலையும் மாலையும் பாருங்கள், அதே வெளிச்சத்தில் ஒரு போட்டோவும் எடுங்கள். விளிம்புகள் ஒட்டிக்கொண்டு, லேசாகச் சிவந்து, மெல்லிய வரப்பாகத் தடித்திருப்பது சரியானது. பக்கத்தில் நீலமோ மஞ்சளோ பாய்ந்திருந்தால் கன்றிப்போனது, தானாகப் போகும். மூன்றாம் நாள் வாக்கில் தையலுக்குக் கீழே வலியில்லாமல் தளதளவென்று ஒரு வீக்கம் வந்தால் பெரும்பாலும் நீர் கோத்தது, அதிகம் ஆடியதன் கூலி. பிதுக்கவோ குத்தவோ கூடாது. போட்டோவை டாக்டருக்கு அனுப்பிவிட்டு ஓட்டத்தைக் குறையுங்கள். சீழ், நாற்றம், விளிம்பு பிளந்து இடைவெளி, 103 டிகிரி பாரன்ஹீட்டுக்கு மேல் காய்ச்சல் என்றால் அன்றே போக வேண்டும். நாய்க்கு 101, 102 சாதாரணச் சூடு என்பதையும் நினைவில் வையுங்கள். பிளவில் கொழுப்போ குடலோ தெரிந்தால் சுத்தமான ஈரத்துணியால் மூடி, உடனே வண்டி.

நம் ஊருக்கே உரிய தொல்லை ஈ. கசிகிற தையலில் ஈ உட்கார்ந்தால் முட்டை நொய்யரிசி தூவினது போல வெள்ளையாக ஒட்டியிருக்கும், ஒரே நாளில் புழுவாகிவிடும். நாயைத் திண்ணையிலோ மொட்டைமாடியிலோ விடாமல் வீட்டுக்குள்ளேயே வைத்திருங்கள். பகலிலும் கொசுவலை கட்டினால் தப்பில்லை. மஞ்சள் பூசாதீர்கள். பூசினால் சிவப்பு தெரியாது, நாய் நக்கவும் தூண்டும். வீட்டில் கிடக்கிற புண் பவுடரும் வேண்டாம். ஈரத்தோடு சேர்ந்து கட்டியாகி, அடியில் சீழ் பிடிக்கும்.

திங்கள், செவ்வாயில் வீட்டிலிருந்து வேலை பார்க்கும்போது நாலடிச் சங்கிலியில் நாயை உங்கள் நாற்காலிப் பக்கத்திலேயே வையுங்கள். எழுந்து போனால் அவிழ்த்துவிட்டுப் போங்கள், கோனோடு சங்கிலி சிக்கினால் கழுத்து நெரிபடும். வெளியே போவது சிறுநீருக்கும் மலத்துக்கும் மட்டும், ஐந்து நிமிஷம், கயிற்றோடு. வீட்டிலிருந்து வேலை கிடைக்காதவர்கள் அந்த இரண்டு நாளுக்கு ஒரு சின்ன அறையில் கோனோடு விட்டுவிட்டு, மதியம் அக்கம்பக்கத்தில் ஒருவரை வந்து பார்க்கச் சொல்லலாம். அவரிடம் கொடுக்க வேண்டியது சாவியும் காலையில் எடுத்த போட்டோவும்; அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால் எது புதிது என்று அவருக்கே தெரிந்துவிடும். முழங்கால் ஜவ்வு ஆபரேஷன் கதை வேறு. ஆறு முதல் எட்டு வாரம் அடக்கி வைக்க வேண்டும். அதற்கு எந்த லீவும் போதாது, வீட்டில் முறை வைத்துப் பார்க்க ஆட்களை முதலிலேயே பேசி வையுங்கள்.

தையல் பிரிப்பது 10 முதல் 14 நாளுக்குள். காலை முதல் ஆளாகப் போனால் இரண்டு மணி நேரப் பர்மிஷனில் முடிந்துவிடும். பிரித்த இடம் அன்றைக்கு ரொம்ப அரிக்கும்; கோன் இன்னும் ஒரு நாள் இருக்கட்டும், குளியல் இரண்டு நாள் கழித்து.