அம்மாவும் தோள் சக்கரமும்

போன ஆடி மாதம் அம்மா தலை பின்னிக்கொள்வதை நிறுத்திவிட்டார். யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. முடியைச் சுருட்டி ஒரு கிளிப்பில் அடக்கிக்கொண்டார், அவ்வளவுதான். மேல் தட்டிலிருந்து உளுந்து டப்பாவை எடுக்க ஸ்டூல் போட்டு ஏறிய நாளில்தான் எனக்கு உறைத்தது. ஸ்டூல் மேல் நின்றுகொண்டும் இடது கையால்தான் எட்டினார். வலது கை தோளுக்கு மேல் எழவே இல்லை.

டாக்டர் கையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்துவிட்டு, ஃப்ரோசன் ஷோல்டர் என்றார். தோள் மூட்டைச் சுற்றியுள்ள உறை தடித்துச் சுருங்கிவிடுமாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு மற்றவர்களைவிட அதிகமாக வரும். அம்மாவுக்குப் பதினாறு வருடமாகச் சர்க்கரை. கால் பாதத்தைத் தினமும் பார்க்கச் சொல்வேன், கண் டெஸ்ட்டுக்குக் கூட்டிப்போவேன். தோளைப் பற்றி எனக்கு யாரும் சொன்னதில்லை. அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன். முதலில் வலி, அப்புறம் இறுக்கம், கடைசியில் மெல்ல மெல்ல இளகும். முழுதாகச் சரியாக ஒன்றிலிருந்து மூன்று வருடம்கூட ஆகலாம்.

பிசியோதெரபிக்குப் பத்து நாள் போனோம். சுவரில் விரல்களை நடக்கவிட்டு மேலே ஏற்றுவது ஒரு பயிற்சி. சுவரில் பொருத்திய இரும்புச் சக்கரத்தின் பிடியைப் பிடித்துச் சுற்றுவது இன்னொன்று. பத்தாம் நாள், இனி வீட்டிலேயே தொடருங்கள் என்று அனுப்பினார்கள். விரல் நடைக்குச் சுவர் இருக்கிறது, சக்கரத்துக்கு எங்கே போவது? அன்று கூட வந்திருந்த என் மகள்தான் சொன்னாள்: "அம்மாச்சி, இந்தச் சக்கரம் நம்ம பார்க்லயே இருக்கே!"

இருந்தது. வேளச்சேரியில் எங்கள் வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடை. நடைபாதையை ஒட்டி மஞ்சளும் நீலமுமாகப் பத்துப் பன்னிரண்டு கருவிகள். இரண்டு வருடமாகக் கடந்து போய்க்கொண்டிருந்தேன், ஒன்றைக்கூடத் தொட்டதில்லை.

மறுநாள் காலை ஆறு மணிக்கு நான்கு பேரும் போனோம். அம்மா புடவையில், காலில் என் பழைய கேன்வாஸ் ஷூ. சக்கரத்தின் முன்னால் நின்று சுற்றுமுற்றும் பார்த்தார். அறுபத்தாறு வயதில் நாலு பேர் பார்க்க இதையெல்லாம் செய்வதா என்ற கூச்சம் முகத்தில் தெரிந்தது. முந்தானையை இடுப்பில் செருகினார். பிடியைப் பிடித்தார். கீழ்ப் பாதி சுலபமாக வந்தது. கடிகாரத்தில் ஒன்பது மணி இருக்கும் இடத்துக்கு வந்ததும் கை நின்றது, உதடு இறுகியது. வந்த வழியே திருப்பிக் கொண்டுபோனார். மறுபடி ஒன்பது. நான்காவது முறை பத்தைத் தொட்டதும், "ஆட்டுக்கல்ல நிக்க வச்ச மாதிரி இருக்குடி" என்றார். அதற்கப்புறம் கூச்சம் போன இடம் தெரியவில்லை.

மற்ற கருவிகள் எங்களுக்கு. செஸ்ட் பிரஸ்ஸில் உட்கார்ந்து பிடியை முன்னால் தள்ளினால் நாம் உட்கார்ந்திருக்கும் இருக்கையே மேலே எழும்புகிறது. அதாவது நம் உடம்பின் எடைதான் பாரம். ஜிம்மில் மாதிரி இரும்புத் தட்டுகளை மாற்ற வேண்டாம். எண்பத்து நான்கு கிலோ இருக்கும் என் கணவருக்கும் அறுபத்தொரு கிலோ இருக்கும் எனக்கும் ஒரே கருவி தனித்தனியாக அளவெடுத்ததுபோல் வேலை செய்கிறது. யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போடலாம். முதல் வாரம் இவர் வேகமாகத் தள்ளிவிட்டு இருக்கையை 'டமால்' என்று விழவிட்டுக்கொண்டிருந்தார். தினமும் வரும் பெரியவர் ஒருவர் பக்கத்தில் வந்து, "தம்பி, ஏத்துறது மட்டும் பயிற்சி இல்ல, இறக்குறதும்தான்" என்றார். இப்போது இரண்டு எண்ணி ஏற்றி, நான்கு எண்ணி இறக்குகிறோம். பத்து முறைக்கே கை நடுங்குகிறது.

இடுப்பைத் திருப்பும் வட்டத்தட்டில் மட்டும் நிதானம் வேண்டும். நான் வேகமாகச் சுழன்று முதுகுப் பிடிப்போடு மூன்று நாள் படுத்தேன். அந்தரத்தில் நடப்பதுபோல் கால்களை வீசும் ஏர் வாக்கருக்குப் பின்னால் குழந்தைகளை ஓடவிடவே கூடாது. இரும்பு மிதி சரியாக அவர்கள் முகத்து உயரத்தில் வந்து போகிறது. என் கண் முன்னால் ஒரு பையன் நூலிழையில் தப்பினான்.

இந்தக் கருவிகளெல்லாம் பெரியவர்கள் உயரத்துக்குச் செய்தவை. ஐரோப்பியத் தர விதி 1.4 மீட்டருக்கு மேல் உயரம் உள்ளவர்களுக்குத்தான் என்கிறது. என் மகள் 1.33. வீட்டுக் கதவோரம் பென்சிலால் கோடு போட்டு வைத்திருக்கிறாள். பள்ளி வயதுப் பிள்ளைகள் தினமும் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவள் ஸ்கிப்பிங் கயிறு கொண்டு வருகிறாள், ஓடுகிறாள், மூச்சு வாங்க நின்று எங்களுக்கு எண்ணிக்கை சொல்கிறாள். அந்த வேலையை அவளே எடுத்துக்கொண்டாள். ஒன்று தப்பினாலும் விடமாட்டாள்.

மார்கழியில் இருக்கைகளெல்லாம் பனியில் நனைந்திருந்தன. அம்மா ஒரு பழைய துண்டை மஞ்சப்பையில் போட்டு எடுத்து வந்து ஒவ்வொன்றாகத் துடைத்தார். எங்களுக்கு மட்டுமல்ல, வருகிறவர்கள் எல்லோருக்கும். பொங்கல் வரும்போது சக்கரம் பதினொன்றைத் தொட்டிருந்தது. மாசியில் ஒரு காலை குளித்துவிட்டு வந்தவர் கண்ணாடி முன் நின்று தானே பின்னிக்கொண்டார். பின்னல் கொஞ்சம் கோணல். நான் சரிசெய்யப் போகவில்லை. அடுப்படிக்குப் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

போன வாரம் அம்மா வயதுள்ள ஒருவர் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "எனக்கும் கை தூக்க முடியலம்மா, ஜாக்கெட் ஊக்கு மாட்டக்கூடப் பக்கத்து வீட்டுப் பொண்ணைக் கூப்பிடுறேன்" என்றார்.

"டாக்டரைப் பாத்தாச்சா?" என்று கேட்டார் அம்மா.

"பாத்தாச்சு. பயிற்சி செய்யத்தான் சொன்னாங்க."

"அப்ப வாங்க. வலிக்கிற எடத்துல நிறுத்திக்கணும், முட்டித் தள்ளக் கூடாது." துண்டால் பிடியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார். என் மகள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்து ஒன்றிலிருந்து எண்ண ஆரம்பித்தாள்.