கருப்பனும் ஆட்டுக்குட்டியும்

கோரிமேட்டில் நான் டீ குடிக்கும் கடை வாசலில் கருப்பன்னு ஒரு நாய். அதன் வயிற்றில் தலை சாய்த்துத் தூங்குவது பக்கத்து வீட்டு வெள்ளாட்டுக்குட்டி. தாய் ஆடு செத்ததிலிருந்து இப்படித்தானாம். வேறு நாய் கிட்ட வந்தால் உறுமுகிறவன், தன் பொறையைக் குட்டி பிடுங்கினால் மட்டும் சும்மா பார்த்துக்கொண்டிருக்கிறான்.

2004 சுனாமி நம்ம கடலூர், நாகையோடு நிற்கவில்லை, கென்யா வரை போனது. அங்கே கூட்டத்தைப் பிரிந்த ஒரு நீர்யானைக் குட்டியை மீட்டு, மொம்பாசாவில் ஒரு பூங்காவில் விட்டார்கள். பெயர் ஓவன். அது போய் ஒட்டிக்கொண்டது நூறு வயசு தாண்டிய ஓர் ஆமையிடம்! ஆமை முதலில் விலகித்தான் பார்த்தது. அப்புறம் ரெண்டும் சேர்ந்தே தின்று, சேர்ந்தே தூங்கின. (காட்டில் இதெல்லாம் அபூர்வம். இவை இப்படிச் சேர்ந்ததற்கு, பசி, பயம் இல்லாத இடம் என்பதும் ஒரு காரணம்.)

இதை யோசித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் பேச்சுக் கொடுத்தார்.

"தம்பி எந்த ஊருங்க?"

"ஓமலூருங்க."

"ஓமலூர்ல எந்தப் பக்கம்?"

"தாரமங்கலம் ரோடுங்க."

"அங்க யாரு வூட்டுப் பையன்?"

அவர் எதைத் தேடுகிறார் என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். "எங்க வீட்டுப் பையன்தாங்க" என்றேன். அதோடு பேச்சு நின்றது. குட்டி எழுந்து வந்து என் கையிலிருந்த பொறையை இழுத்தது.