அம்மா காணாமற்போகவில்லை

அம்மா 1995 யூலை 9ஆம் திகதி யாழ்ப்பாணத்து நவாலியில் இறந்தார். அவருடைய மரணச் சான்றிதழ் என் கைக்கு வந்தது 2014இல். போரில் இறந்தவர்களின் மரணத்தை இன்னும் பதிவு செய்யாத குடும்பங்கள் எங்கள் பக்கம் நிறைய இருக்கின்றன. அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் நான் அலைந்ததை எழுதுகிறேன்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. இலங்கை இராணுவத்தின் 'முன்னேறிப் பாய்தல்' நடவடிக்கை தொடங்கிய நாள். ஷெல் விழ விழ, சண்டிலிப்பாயிலிருந்து சைக்கிளில் ஒரு உரப்பையையும் பாயையும் கட்டிக்கொண்டு வெளிக்கிட்டோம். எனக்கு 15 வயது, தம்பிக்கு 9. அப்பா அதற்கு முன்பே நோயில் போய்விட்டார். நவாலி சென் பீற்றர்ஸ் தேவாலயத்திலும் பக்கத்துச் சின்னக்கதிர்காம முருகன் கோயிலிலும் சனம் நிறைந்திருந்தது. கோயில்களுக்குக் குண்டு போடமாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். அம்மா தேவாலய வளவுக்குள் ஒரு மரத்தடியில் பாயை விரித்துவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் தண்ணீருக்கு அனுப்பினார். கிணறு ஒழுங்கைக்குள் இருந்தது. நாங்கள் வாளியை இழுத்துக்கொண்டிருந்தபோதுதான் பொம்மர் விமானம் வந்தது.

திரும்பி ஓடி வந்தபோது புழுதி அடங்கவில்லை. அம்மாவைச் சேலைக் கரையை வைத்துத்தான் அடையாளம் கண்டேன். பச்சைக் கரை. காலையில் அடுப்படியில் பட்ட கரி அதில் அப்படியே இருந்தது. கையில் இருந்த வாளியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை ஞாபகம் இல்லை.

அடுத்த நாள் அயலவர்களோடு சேர்ந்து அம்மாவை அடக்கம் செய்தோம். மரண விசாரணை இல்லை, வைத்தியர் துண்டு இல்லை. பதிவாளரைத் தேடுகிற நிலையில் யாரும் இல்லை. ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது வீட்டுப் பத்திரங்களும் போயின.

பல வருடம் நான் இதைத் தொடவே இல்லை. 2013இல் அம்மாவின் சீதனக் காணியைத் தம்பி பெயருக்கு எழுதப் போனோம். உறுதி எழுதுகிற நொத்தாரிஸ் முதலில் கேட்டதே மரணச் சான்றிதழைத்தான்.

நான் போன முதல் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பப் படிவம் தந்தார்கள். "இதில எண்டால் கெதியா முடியும் அக்கா" என்றார் அங்கே வேலை செய்த பெடியன். நல்ல மனதோடுதான் சொன்னார். வாங்கில் உட்கார்ந்து வாசித்தேன். அது 2010ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வருவது. ஒரு வருடத்துக்கு மேல் தகவல் இல்லாமல் காணாமற்போனவர்களை இறந்தவர்களாகக் கருதிப் பதிய ஏற்படுத்திய தற்காலிகச் சட்டம். பயங்கரவாத அல்லது நாசகாரச் செயல், உள்நாட்டுக் குழப்பம் என்று காணாமற்போன காரணத்தையும் அந்தச் சட்டமே வகுத்து வைத்திருந்தது.

என் அம்மா காணாமற்போகவில்லை. அவருடைய முகத்தைத் துடைத்தது நான். படிவத்தை நிரப்பாமலே திருப்பிக் கொடுத்தேன். பிள்ளை எங்கே என்றே தெரியாத குடும்பங்களுக்கு அந்தச் சட்டம் வேறு மாதிரியான வேதனை. அதில் கையெழுத்து வைத்தவர்களையும் மறுத்தவர்களையும் நான் குறை சொல்லவே மாட்டேன்.

மற்ற வழி, காலங்கடந்த இறப்புப் பதிவு. இதற்குப் பொறுமை வேண்டும். கிராம உத்தியோகத்தரின் கடிதம் எடுத்தேன். அம்மாவின் பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயர், திருமணப் பதிவில் இன்னொரு எழுத்து. அதற்கு ஒரு சத்தியக் கடதாசி, இரண்டு மாத இழுபறி. இறந்தவரின் பெயர் எல்லாப் பத்திரத்திலும் ஒரே மாதிரி இருக்கிறதா என்று முதலிலேயே பாருங்கள். எதைக் கொடுத்தாலும் போட்டோக்கொப்பி ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு அலுவலகத்தில் என்னுடைய கோவையே தவறிப்போய், கொப்பியை வைத்துத்தான் மறுபடி தொடங்கினேன்.

கண்ணால் கண்ட சாட்சி கேட்டார்கள். அன்று எங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்திருந்த மாமி கிளிநொச்சி வட்டக்கச்சியில் இருந்தார். பஸ் ஏறி வந்தார். சமாதான நீதவான் முன்னால் எழுதிய கடதாசியில் "யுத்த சூழ்நிலையில் இறந்தார்" என்று இருந்ததை வாசித்துக் காட்டியதும், மாமி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "காய்ச்சலும் யுத்த சூழ்நிலையிலதானே வந்தது பிள்ளை. குண்டு போட்டவங்கள் எண்டு எழுதச் சொல்லு." திருத்தி எழுதிய பிறகுதான் கையெழுத்து வைத்தார்.

எனக்குப் பெரிதாக உதவியது ஒரு பழைய அறிக்கை. குண்டுவீச்சு நடந்த இரண்டு நாளில் சர்வதேச செஞ்சிலுவைக் குழு வெளியிட்டது. விமானப்படைத் தாக்குதலில் தேவாலயமும் பக்கத்துக் கட்டடங்களும் சேதமடைந்தன, 65 பேர் இறந்தார்கள், 150 பேர் காயமடைந்தார்கள், பல உடல்கள் இன்னும் இடிபாடுகளுக்குள் கிடக்கின்றன என்று அதில் இருக்கிறது. பிறகு இறந்தோர் தொகை 140ஐத் தாண்டியதாகச் சொல்கிறார்கள். இணையத்தில் இருந்த அந்த ஆங்கிலப் பக்கத்தை அச்செடுத்துக் கோவையில் வைத்தேன். உங்கள் ஊரில் நடந்ததற்கும் இப்படி ஒன்று இருக்கலாம், தேடிப் பாருங்கள்.

கடைசி நாள். இறப்புக்கான காரணம் என்ற கட்டத்துக்கு வந்ததும் பதிவாளர் நிமிர்ந்தார். "யுத்த அனர்த்தம் எண்டு போடுவம் அம்மா, பிரச்சினை இல்லாமல் போகும்." எனக்குக் கை நடுங்கியது. ஆனாலும் மாமியின் கடதாசியையும் அந்த அறிக்கையையும் எடுத்து மேசையில் வைத்தேன். அவர் முழுவதையும் வாசித்தார். எழுந்து உள்ளே போனார். அரை மணித்தியாலம் இருக்கும். திரும்பி வந்து, ஒன்றும் பேசாமல், "விமானக் குண்டுவீச்சினால் ஏற்பட்ட காயங்கள்" என்று எழுதினார்.

வெளியே வந்து தம்பிக்கு போன் எடுத்து வாசித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இடம் எண்டதில என்ன போட்டிருக்கு அக்கா?" என்று கேட்டான்.

"நவாலி, சென் பீற்றர்ஸ் தேவாலய வளவு."

இன்னொருக்கா வாசிக்கச் சொன்னான்.