அட்டையை வெட்டும் முன்பே விலை

மருந்துக் கடையில் விலைத் தகராறு பெரும்பாலும் பில் கைக்கு வந்த பிறகுதான் வரும். அதற்குள் மாத்திரை அட்டையை வெட்டி, கவரில் போட்டு, காலை ஒன்று இரவு ஒன்று என்று எழுதியும் ஆகியிருக்கும். "இவ்வளவு ரூவாயா மக்ளே? பாதி குளிகை போதும்" என்று கேட்பார்கள். எதைக் குறைப்பது என்று அப்போது முடிவு செய்வது மருந்தாளுநரோ டாக்டரோ இல்லை, கையில் இருக்கும் நோட்டு. விலை கூடியதைத்தான் முதலில் வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். அது பல நேரம் ஆன்டிபயாட்டிக்காக இருக்கும். சத்து மாத்திரை பத்திரமாக கவருக்குள் இருந்துவிடும்.

சீட்டைப் படித்து, கம்ப்யூட்டரில் ஏற்றி, மொத்தத்தை வாயால் சொல்லி, "எடுக்கட்டுமா?" என்று கேட்ட பிறகே கத்தரியைத் தொட வேண்டும். அரை நிமிட வேலைதான். ஆனால் மாலையில் டாக்டர்களின் ஓ.பி. முடிந்து கூட்டம் சேரும்போது முதலில் விட்டுப்போவது இதுதான். வெட்டிய அட்டையைத் திரும்ப எடுத்தால் யாருக்கு விற்பது என்ற சிக்கல். இன்சுலின் என்றால் திரும்ப எடுக்கவே முடியாது. 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டியது கடைப் படியிறங்கிவிட்டால் அந்தக் குளிரில்தான் இருந்ததா என்று உறுதி கிடையாது.

மொத்தத்தை மட்டும் சொன்னால் போதாது. பிரஷர், சர்க்கரைக் குளிகைகளுக்கு ஒன்றின் விலையையும் மாதச் செலவையும் சொல்ல வேண்டும். ஒரு கம்பெனி அட்டையில் 10, இன்னொன்றில் 15, சிலவற்றில் 30. எடுத்துக்காட்டாக, 70 ரூபாய் போட்ட 10 குளிகை அட்டை மலிவாகத் தெரியும். 96 ரூபாய் போட்ட 15 குளிகை அட்டை கூடுதலாகத் தெரியும். ஒன்றுக்கு 7 ரூபாய், 6 ரூபாய் 40 காசு என்று வகுத்தால் கதை மாறும். மாதத்துக்கு 210க்கும் 192க்கும் உள்ள வித்தியாசம் அது. கன்னியாகுமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளைப் பக்கத்திலிருந்து ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். அவர்களுக்கு 45 நாள் கணக்கு போட்டுக் கொடுக்கும்போது இந்த வகுத்தல் பணத்துக்கும் வேண்டும், அட்டை எண்ணிக்கைக்கும் வேண்டும்.

மலைப் பக்கம், ரப்பர் தோட்டப் பகுதிகளில் வேறு வழக்கம். மழை பிடித்தால் பால் வெட்டு நிற்கும், கூலியும் நிற்கும். அப்போது அட்டையாக வாங்கியவர்களும் மூன்று நாளைக்கு, நாலு நாளைக்கு என்று சில்லறையாகக் கேட்பார்கள். சில்லறைக்குத் தனி விலை கிடையாது. 2013ஆம் ஆண்டு மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணை இதில் தெளிவு: அட்டை விலையை வகுத்து வரும் விகிதத்துக்கு மேல் வாங்கக் கூடாது. 10 குளிகை 34 ரூபாய் 50 காசு என்றால் நாலு குளிகை 13 ரூபாய் 80 காசு. 'ரவுண்டாக' 15 வாங்குவது தவறு, 14 வாங்குவதும் தவறுதான். யூபிஐ வந்த பிறகு சில்லறை இல்லை என்ற சாக்குக்கும் இடமில்லை.

வெட்டும் விதத்திலும் ஒரு விஷயம் இருக்கிறது. பேட்ச் எண் (ஒரே தடவையில் தயாரான சரக்குக்குக் கம்பெனி போடும் எண்), காலாவதித் தேதி, எம்.ஆர்.பி. மூன்றும் பல அட்டைகளில் ஒரு ஓரத்தில்தான் அச்சாகியிருக்கும். அந்த ஓரம் கடைசி வரை தங்கும்படி எதிர்ப்பக்கத்திலிருந்து வெட்டிக்கொண்டே வர வேண்டும். முதலில் அந்த ஓரத்தை வெட்டிக் கொடுத்துவிட்டால் மீதி அட்டையின் விலையும் தேதியும் யாருக்கும் தெரியாது. சரியாக வெட்டினாலும் நடுத் துண்டை வாங்கிப் போகிறவர் கையில் எந்த விவரமும் இருக்காது. அதனால் நாலு குளிகைக்கும் பேட்ச், தேதியோடு பில் போட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

கூடுதல் விலை பில்லில் ஏறுவதற்கு ஏமாற்று எண்ணம் இருக்க வேண்டும் என்பதில்லை, பேட்ச் மாறினால் போதும். விலைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளின் உச்சவரம்பு ஆண்டுதோறும் ஏப்ரலில் மொத்த விலைக் குறியீட்டை ஒட்டி மாறும். 2023இல் 12.12 சதவீதம், 2025இல் 1.74 சதவீதம் என்று கூட்ட அனுமதி வந்தது. பட்டியலில் இல்லாதவற்றுக்கு 12 மாதத்தில் 10 சதவீதம் வரை கம்பெனி கூட்டலாம். ஆக ஒரே மருந்தின் பழைய விலை அட்டையும் புதிய விலை அட்டையும் ஒரே டப்பாவில் கிடக்கும். பில் போடுபவர் பெயரை அடித்து, திரையில் முதலில் வரும் பேட்சைத் தட்டிவிட்டு, கையில் அகப்பட்ட பழைய அட்டையைக் கொடுத்தால் முடிந்தது. வாங்குபவர் பார்க்க வேண்டியதும் இதைத்தான்: பில்லில் உள்ள பேட்ச் எண்ணும் அட்டையில் உள்ளதும் ஒன்றா? ஒன்றாக இருந்தால் விலைத் தவறு அபூர்வம். க்யூஆர் குறியீட்டை ஸ்கேன் செய்தால் விலை வரும் என்று சிலர் நினைக்கிறார்கள். 2023 ஆகஸ்ட் முதல் 300 பிராண்டுகளுக்குக் கட்டாயமான அந்தக் குறியீட்டில் மருந்தின் பெயர், கம்பெனி, பேட்ச், தேதி எல்லாம் இருக்க வேண்டும். அந்த விவரங்களில் விலை இல்லை.

2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளின் ஜிஎஸ்டி 12இலிருந்து 5 சதவீதமானபோது இன்னொரு குழப்பம் சேர்ந்தது. கடையில் இருக்கும் பழைய சரக்கைக் கம்பெனி திரும்ப வாங்கி வேறு லேபிள் ஒட்ட வேண்டியதில்லை, குறைந்த விலைக்கு விற்றால் போதும் என்று தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் சொல்லிவிட்டது. இரண்டு, மூன்று வருடம் காலாவதி உள்ள சரக்கு என்பதால் அச்சிட்ட விலை வேறு, வாங்க வேண்டிய விலை வேறு என்ற அட்டைகள் இன்னும் நடமாடும். 7 சதவீதம் குறைய வேண்டுமே என்று கேட்பவர்களுக்குக் கணக்கைச் சொல்ல வேண்டும். 112 ரூபாய் எம்.ஆர்.பி.யில் வரி 12, அடிப்படை 100. புதிய விலை 105. குறைவது 6.25 சதவீதம். இந்தக் குறைப்பைப் பில்லில் 'தள்ளுபடி' என்று காட்டுகிற கடை, தன்னுடையதல்லாத ஒன்றைத் தானம் செய்கிறது. தள்ளுபடி என்றால் அந்த 105இலிருந்து கழிக்க வேண்டும்.

தள்ளுபடிப் பலகைகள் நாகர்கோவிலிலும் மார்த்தாண்டத்திலும் தெருவுக்குத் தெரு உண்டு. பட்டியல் மருந்தின் உச்சவரம்பே கடைக்கு 16 சதவீத லாபம் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. அதில் 20 சதவீதம் தள்ளுபடி கொடுப்பது ஸ்கீம் சரக்கு (கம்பெனி இலவசமாகச் சேர்த்துத் தருவது) இல்லாமல் நடக்காது. பட்டியலில் இல்லாத, டாக்டர்களைப் பார்க்கும் கம்பெனி ரெப் இல்லாமல் நேராகக் கடைக்கு வரும் ஜெனரிக்கில் கதை வேறு. 120 என்று அச்சிட்டு, கடைக்கு 20க்கு வருவதாக வைத்துக்கொள்வோம். பாதி விலை என்று 60க்குக் கொடுத்தாலும் லாபம் 40. அதே மருந்தை வேறொரு கம்பெனி 45 என்று அச்சிட்டு, தள்ளுபடியே இல்லாமல் விற்றுக்கொண்டிருக்கும். சதவீதத்தைப் பார்க்காமல் குளிகை ஒன்றுக்குக் கடைசியாகக் கொடுப்பது எவ்வளவு என்று கேட்டால் இந்த வித்தை எடுபடாது.

ஒப்பிடும்போது பெயரின் வாலையும் படிக்க வேண்டும். சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் 500 வேறு, மெதுவாகக் கரையும் மெட்ஃபார்மின் 500 எஸ்.ஆர். வேறு. பிரஷருக்கான மெட்டோபுரோலால் சக்சினேட்டும் டார்ட்ரேட்டும் ஒன்றல்ல. இன்சுலினில் 10 மில்லி குப்பி மில்லிக்கு 40 யூனிட் என்றால் மொத்தம் 400 யூனிட். பேனாவில் போடும் 3 மில்லி கேட்ரிட்ஜ் மில்லிக்கு 100 என்றால் 300 யூனிட். விலையை யூனிட்டால் வகுக்க வேண்டும். மலிவு என்று குப்பிக்கு மாறுகிறவர் ஊசியையும் பார்க்க வேண்டும்: 40க்கு சிவப்பு மூடி, 100க்கு ஆரஞ்சு மூடி. மாற்றிப் போட்டால் அளவு இரண்டரை மடங்கு தவறும்.

"இதுலயே விலை குறைஞ்சது இல்லையா அண்ணாச்சி?" என்ற கேள்விக்குக் கவுண்டரில் முழுப் பதில் கிடையாது. சீட்டில் பிராண்ட் எழுதியிருந்தால் அதற்குப் பதில் வேறொன்றைக் கொடுக்க மருந்து விதிகள் இடம் தரவில்லை. மூலப்பெயர் (பிராண்ட் இல்லாமல் மருந்தின் பெயர் மட்டும்) எழுதியிருந்தால் கடைக்காரர் தேர்வு செய்யலாம். ஆகவே டாக்டரின் அறையை விட்டு வெளியே வருவதற்கு முன்பே மூலப்பெயரில் எழுதச் சொல்லிக் கேட்க வேண்டும். அந்தச் சீட்டோடு மத்திய அரசின் மக்கள் மருந்தகத்துக்கோ, தமிழக அரசு 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்துக்கோ போனால் விலை வெகுவாகக் குறையும். ஆனால் எல்லா மருந்தும் எப்போதும் இருக்காது. திருவனந்தபுரம் ஆஸ்பத்திரிகளில் எழுதிய சீட்டோடு எல்லையிலுள்ள களியக்காவிளை தாண்டி வருகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அங்கே ஓடும் பிராண்ட் இங்கே ஏஜென்சியில் இல்லாமல் போகலாம். தைராய்டு, வலிப்பு, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் வார்ஃபரின் மருந்துகளில் மட்டும் விலைக்காக மாதாமாதம் பிராண்டை மாற்றக் கூடாது. மாற்றினால் டாக்டரிடம் சொல்லி இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும்.

விலை கூடுதல் என்று சந்தேகம் வந்தால் விலை நிர்ணய ஆணையத்தின் 'ஃபார்மா சஹி தாம்' செயலியில் பார்க்கலாம். அறிவிக்கப்படும் உச்சவரம்பில் ஜிஎஸ்டி சேராது. குளிகைக்கு 2 ரூபாய் என்றிருந்தால் பத்துக்கு வரியோடு 21 வரை சரி. இதைச் சேர்க்காமல் சண்டைக்கு வருபவர்களும் உண்டு. அதற்கு மேலும் இருந்தால் ஆணையத்தின் 1800 111 255 என்ற எண்ணிலோ, மாவட்டத்து மருந்து ஆய்வாளரிடமோ சொல்லலாம். பில்லும், பேட்ச் எண்ணும் எம்.ஆர்.பி.யும் தெரியும்படி எடுத்த அட்டைப் படமும் வேண்டும். அட்டையின் அந்த ஓரத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, பில்லும் வாங்காமல் வந்தால் ஆய்வாளர் கடைக்குப் போய் எதை எதோடு ஒத்துப்பார்ப்பார்?