நம் வயலுக்கு மேலே 17 கிலோமீட்டர்

வளிமண்டலத்தின் அடுக்குகள் தரையிலிருந்து மேலே: கீழடுக்கு, மீள் அடுக்கு, இடை அடுக்கு, வெப்ப அடுக்கு, வெளி அடுக்கு. நம் பள்ளியில் படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் இந்த வரிசை வரும். கீழடுக்கு முடியும் எல்லையாகப் புவியியல் சார் கரும்பலகையில் இழுக்கும் முதல் கோடு 12 கிலோமீட்டர். அது உலகச் சராசரி. தேர்வுக்குப் போதும், தஞ்சைக்கும் நாகைக்கும் பொருந்தாது.

துருவத்தில் கீழடுக்கு 8 கி.மீ.யில் முடிந்துவிடும். 11 பாகை அட்சத்தில் இருக்கும் டெல்டாவில் சூடேறிய ஈரக்காற்று உயர எழும்புவதால் எல்லை 16, 17 கி.மீ.க்குப் போய்விடுகிறது. வெப்பம் கிலோமீட்டருக்குச் சுமார் 6.5 பாகை வீதம் அவ்வளவு தூரம் குறைந்துகொண்டே போனால் உச்சியில் என்ன மிஞ்சும்? மைனஸ் 80 பாகை செல்சியஸ். துருவத்து எல்லைகூட அவ்வளவு குளிராது. பாடத்தில் அழுத்திச் சொல்ல வேண்டியது இதைத்தான்.

காரைக்கால் வானிலை நிலையத்திலிருந்து விடும் ரேடியோசோண்ட் பலூன் (வெப்பம் அளக்கும் உணரியைத் தூக்கிச் சென்று, அளவை வானொலி வழியே அனுப்புவது) நிமிடத்துக்கு ஏறத்தாழ 300 மீட்டர் ஏறும். ஒரு மணி நேரத்துக்குள் எல்லையைத் தொட்டுவிடும். வெப்பத்தைக் கிடை அச்சிலும் உயரத்தைச் செங்குத்து அச்சிலும் வைத்து வரைந்தால் கோடு இடப்பக்கம் சாய்ந்துகொண்டே போய், ஓரிடத்தில் வலப்பக்கம் திரும்பும். குறைவு கிலோமீட்டருக்கு 2 பாகைக்குள் இறங்கி, அடுத்த 2 கி.மீ.க்கும் அப்படியே நின்றால்தான் அது எல்லை. மார்கழி விடியலில் தரையை ஒட்டியே ஒரு திருப்பம் தெரியும். இரவில் தரை குளிர்ந்து, மேலே உள்ள காற்று வெதுவெதுப்பாக நிற்பதால் வருவது அது. வைக்கோல் புகை தென்னை உயரம் ஏறி, அதற்குமேல் போகாமல் கிடையாகப் பரவுவதும் இதனால்தான். அதை எல்லை என்று குறித்துவிடக் கூடாது. மேகத்துக்குள் நனைந்து வெளியே வரும் உணரியிலும் கவனம் வேண்டும்: ஈரம் ஆவியாகும்போது உள்ளதைவிடக் குறைந்த வெப்பத்தைக் காட்டும்.

30 கி.மீ. தாண்டியதும் பலூன் உப்பி வெடித்துவிடும். ஓசோன் நிறைந்த மீள் அடுக்கின் உச்சி 50 கி.மீ.; அதற்கு மேலுள்ளவை ராக்கெட்டுக்கும் செயற்கைக்கோளுக்கும் உரியவை.

டொரான்டோவில் இருக்கும் நண்பர்களுக்கு ஒன்று. தை மாதம் அங்கிருந்து கிளம்பும் விமானம் 11 கி.மீ. உயரத்தில் பெரும்பாலும் மீள் அடுக்குக்குள் பறக்கும். திருச்சியை நெருங்கும்போது அதே உயரம் கீழடுக்கின் நடுப்பகுதிக்குச் சற்று மேலேதான். ஐப்பசி இடிமேகம் 15 கி.மீ.யையும் தாண்டும் என்பதால் விமானி அதற்கு மேலே ஏறிப் போக முடியாது. ரேடாரில் பார்த்துச் சுற்றித்தான் போவார்.

ஆடியில் கீழே காற்று மேற்கிலிருந்து அடிக்கும். எல்லையை ஒட்டியோ கிழக்கிலிருந்து மணிக்கு 100 கி.மீ.க்கும் மேலான வேகத்தில் ஓடும். அதனால் மாலை இடிமேகத்தின் தலை மேற்கே நீண்டு படரும். தலை போகும் திசையை நம்பிக் களத்து நெல்லை மூடாமல் விட்டுவிடாதீர்கள். மழை இறங்குவது கறுத்த அடிப்பாகத்துக்குக் கீழேதான்.